நூற்று நாற்பத்தெட்டு நிழல்கள்

ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தில் ஆள் நடமாட்டமே இல்லை. பிற்பகல் வெயில் படிக்கட்டின் மேல்படி வரைக்கும் வந்து, அதற்குக் கீழே இறங்க மனமில்லாததுபோல் நின்றுவிட்டிருந்தது. பெரியவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். ஏழு மாதமாக அவள் அந்தப் படிகளில் கால் வைக்கவில்லை.

வீட்டில் இரண்டே பெண்கள். பெரியவள், சின்னவள் என்று அம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டு, அக்கம்பக்கத்துக்கும் அதுவே பெயராகிப் போனது. பெரியவளுக்கு இதே ஆஸ்பத்திரியில்தான் வேலை. ஸ்கேன் மெஷின் எடுத்துத் தரும் நிழல்களைக் கணக்குப் போட்டு டாக்டர்கள் பார்க்கும் படமாக மாற்றும் புரோகிராமை எழுதுகிறவள். சின்னவள் தூக்கத்தில்கூடப் பேசுகிறவள். ஏழு மாதத்துக்கு முன் இந்தக் கீழ்த்தளத்தில், இந்த மெஷினில் படுத்திருக்கும்போதே போய்விட்டாள்.

டெக்னீஷியன் சாவியோடு வாசலில் காத்திருந்தார். நரைத்த தலை, அளந்த பேச்சு. அன்றைக்கு மெஷினை ஓட்டியவரும் அவர்தான்.

"நாளைக்குக் காலைல மெஷினக் கழட்ட வராங்க மேடம். டிஸ்க்க அழிச்சிட்டுத்தான் எடுத்துட்டுப் போவாங்க. இன்னைக்கு சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் டைம் இருக்கு."

"நீங்க உள்ள வரலையாண்ணே?"

"நான் இங்க பெஞ்சுலயே இருக்கேன்."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கம்ப்யூட்டர் அறை. அந்தப் பக்கம் மெஷின். வளைந்த கையொன்று படுக்கையைக் கட்டிப்பிடிக்கப் போகிற மாதிரி பாதியில் நின்றிருந்தது. பினாயில் வாடை. சூடேறிய வயரின் வாடை. அதற்கடியில் லேசாக, இப்போதுதான் தலைக்குக் குளித்துவிட்டு வந்த ஒருத்தியின் ஈர முடியின் வாசனை.

ஏசியிலிருந்து வருகிற ஈரவாடைதான் என்று பெரியவள் தனக்கே சொல்லிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அந்த மெஷினின் வேலை லேசானது. படுத்திருப்பவரின் தலையை மெதுவாகச் சுற்றிவரும். சுற்றும்போது நானூறு கோணத்திலிருந்து நானூறு நிழல் எடுக்கும். நானூறையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் தலைக்குள் இருப்பதெல்லாம் துல்லியமாகத் தெரியும். சின்னவளுக்கு நூற்று நாற்பத்தெட்டு நிழல்தான் கிடைத்தது. நூற்று நாற்பத்தொன்பதாவதுக்குள் அவள் உடம்பு தூக்கிப்போட, டெக்னீஷியன் சிவப்புப் பட்டனை அடித்துவிட்டார். அதற்குப் பிறகு ஸ்கேன் எடுக்கத் தேவை இருக்கவில்லை.

மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கே வெடித்ததா, முன்னாலேயே கசிந்துகொண்டிருந்ததா என்று அம்மா கேட்டாள்.

"புது ரத்தம் படத்துல வெள்ளையா தெரியும்மா. நாளாக ஆக மங்கிடும். ஆனா பாதிப் படத்தை வச்சு எதையும் சொல்ல முடியாது," என்றார் அவர்.

அம்மா பெரியவள் பக்கம் திரும்பினாள். "உன்கிட்ட ஏதாவது சொன்னாளாடி? வலிக்குது, கிலிக்குதுன்னு?"

"இல்லம்மா."

சொல்லியிருந்தாள். பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "பின்மண்டைல இடிக்குதுக்கா" என்று பெரியவளின் கட்டிலில் வந்து சுருண்டு படுப்பாள். "எந்நேரமும் போனும் கையுமா இருந்தா வலிக்காம என்ன செய்யும்," என்று இவள் ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டு லேப்டாப் பக்கம் திரும்பிக்கொள்வாள். பத்து நாளும் அப்படித்தான்.

அந்த ஒரு 'இல்லம்மா' ஏழு மாதமாக அவள் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. உண்மை தெரிந்தால் முள் இறங்குமா, இன்னும் ஆழமாகக் குத்துமா என்று அவளுக்கே தெரியாது. ஆனால் அந்த நிழல்கள் இருக்கிற டிஸ்க் நாளைக்கு அழிந்துவிடும்.

அவள் தன் புரோகிராமை ஏற்றினாள். அது யோசிக்கிற விதம் இதுதான்: முதலில் ஒரு தலையைக் குத்துமதிப்பாக வரையும். அந்தத் தலை என்ன நிழல் தரும் என்று கணக்குப் போடும். நிஜ நிழலோடு ஒப்பிட்டு, எவ்வளவு தப்பு என்று ஓரத்தில் ஓர் எண்ணைக் காட்டும். பிறகு படத்தைத் திருத்தும். மறுபடி, மறுபடி. தப்பு குறையக் குறையப் படம் நிஜத்தை நெருங்கும். நிழலே எடுக்காத பக்கத்தில் மட்டும் அது யூகம்தான். "காணாத பக்கத்துல நாம ஆசைப்படறதையே அது வரைஞ்சிடும், ஜாக்கிரதை," என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவளே எச்சரித்திருக்கிறாள்.

முதல் சுற்றில் புகை மாதிரி ஒரு உருண்டை. ஐந்தாம் சுற்றில் மண்டையோட்டின் வளைவு. பத்தாவதில் கண்குழி, பல்வரிசை, தாடை. நிழல் இல்லாத பக்கம் மட்டும் ஈரக் கையால் தேய்த்த கோலமாகக் கலைந்து கிடந்தது.

வெடித்த குழாய் சரியாக அந்தப் பக்கத்தில் இருந்தது.

பெரியவள் கன்னத்தில் கை வைத்துத் தங்கையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோலும் சதையும் சாம்பல் நிறத்தில் லேசாகத் தெரிந்தன. மேலுதட்டில் அந்தச் சின்னத் தூக்கல்கூட இருந்தது. வாயை இறுக மூடியிருந்தாள், சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையாக.

பதினாலாவது சுற்று.

வாய் திறந்திருந்தது.

புரோகிராமில் ஏதோ கோளாறு என்று நிறுத்தி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஓட்டினாள். அதே நூற்று நாற்பத்தெட்டு நிழல். எப்போதோ எடுத்து முடிந்துபோன நிழல். அதில் எதுவும் அசைய முடியாது.

பதினாலாவதில் வாய் திறந்தது. பதினைந்தில் உதடுகள் ஒட்டின. பதினாறில் பிரிந்தன.

பதினேழில் நாக்கு மேலே எழும்பியது.

"அண்ணே," என்றாள். மறுபடி கூப்பிட்டாள்.

டெக்னீஷியன் வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டார்.

"பேசிட்டுதான் இருந்திச்சு மேடம், அன்னைக்கு," என்றார் மெதுவாக. "கடைசி வரைக்கும். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, நீங்க ஸ்க்ரீனையே பாத்துட்டிருந்தீங்க. நான் கண்ணாடி வழியா பாத்தேன்."

"என்ன சொன்னா?"

அவர் சுவரில் இருந்த ஸ்பீக்கரைப் பார்த்தார். பெரியவளுக்கு நினைவு வந்துவிட்டது. ஏழு மாதமாக அவள் நினைக்காமல் ஒதுக்கி வைத்திருந்த நினைவு. "அக்கா, அக்கா" என்று ஸ்பீக்கரில் சின்னவளின் குரல் வந்துகொண்டே இருந்தது. இவள் மைக்கில் குனிந்து, "வாயை மூடிட்டு அசையாம படு. படம் கெட்டுடும்," என்றாள். பிறகு டெக்னீஷியனிடம், "சத்தத்தை அணைச்சிடுங்கண்ணே. கேட்டுட்டே இருந்தா பேசிட்டே இருப்பா," என்றாள்.

அணைத்தார்.

"நான் யாருகிட்டயும் சொல்லல மேடம்," என்றார் இப்போது. "உங்க அம்மா கேட்டப்பகூட."

பெரியவள் தன் தாடையில் விரலை வைத்துக்கொண்டாள். படத்தைப் பின்னுக்கு நகர்த்தி ஒவ்வொரு சுற்றாகத் தள்ளினாள். அங்கே உதடு ஒட்டும்போது தன் உதட்டையும் ஒட்டினாள். பிரியும்போது பிரித்தாள். பத்துத் தடவை, இருபது தடவை. சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்த பெரியவளின் வாயிலிருந்து, அவளை அறியாமல், சத்தம் வந்துவிட்டது.

"அம்மாகிட்ட சொல்லாத."



சின்ன வயதிலிருந்து வீட்டில் அதிகம் கேட்ட வார்த்தை அது. தட்டு உடைந்தால், மார்க் குறைந்தால், பெரியவள் எங்காவது தாமதமாகி மாட்டிக்கொண்டால். பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு கண்ணடிப்பாள் சின்னவள். அம்மாகிட்ட சொல்லாத, நான் பாத்துக்கறேன். வலித்துச் சாகிற நேரத்திலும் அவளுக்கு அந்தக் கவலைதான் இருந்திருக்கிறது. பத்து நாளாக வலியென்று உன்னிடம் சொன்னேன் என்று அம்மாவிடம் சொல்லிவிடாதே. உன்னைத்தான் திட்டுவாள்.

பெரியவள் மேசையில் தலை கவிழ்ந்துகொண்டாள். டெக்னீஷியன் வெளியே போகவும் இல்லை, பக்கத்தில் வரவும் இல்லை.

கம்ப்யூட்டரின் விசிறிச் சத்தத்தில்தான் நிமிர்ந்தாள். முப்பது சுற்றோடு நிற்க வேண்டிய புரோகிராம் நிற்கவில்லை. முப்பத்தொன்பது. நாற்பது.

படம் அழகாகிக்கொண்டே போனது. கலைந்து கிடந்த பக்கம் தானாகத் தெளிந்தது. அந்த ரத்தக்குழாய், முடிபோல மெல்லிசாக, பழுதில்லாமல் வளைந்து ஓடியது. கசிவு இல்லை, கறை இல்லை. கடைசியாக ஓரிடத்தில் மட்டும் பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி. புது ரத்தம். அன்றைக்கே, அந்த நொடியிலேயே வெடித்தது. யார்மேலும் தப்பில்லை.

"மேடம், உங்க அம்மா டாக்டர்கிட்ட கேட்டது இதானே," என்றார் டெக்னீஷியன். "இது போதுமில்ல. எடுத்துட்டுப் போயிடுங்க."

அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஒரு நிமிஷம் நினைத்தாள். பிறகு ஓரத்தில் இருந்த எண்ணைப் பார்த்தாள்.

தப்பு ஏறிக்கொண்டிருந்தது.

படம் தெளியத் தெளிய அது நிஜ நிழலிலிருந்து விலகிக்கொண்டே போயிற்று. எந்தக் கணக்கும் அப்படிப் போகாது. யாரோ வேண்டுமென்றே அழித்து அழித்து வரைகிறார்கள்.

"பொய் சொல்றா," என்றாள் பெரியவள். "எனக்காக இப்பவும் பொய் சொல்றா."

நாற்பத்தொன்றாவது சுற்றில் முகம் மேலே பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

பெரியவள் உட்கார்ந்திருந்த கண்ணாடிப் பக்கம் திரும்பியிருந்தது.

சாம்பல் நிறக் கண் உருண்டைகளில் இரண்டு சின்ன வெள்ளைத் தட்டுகள். ஒவ்வொருவர் கண்ணிலும் இருக்கிற லென்ஸ்தான். அவை இரண்டும் அவளையே பார்த்தன. ஈர முடியின் வாசனை இப்போது தோளுக்குப் பக்கத்தில் இருந்தது.

"வேண்டாம்டி," என்றாள் பெரியவள். "போதும்."

அவள் படத்தை விட்டுவிட்டு நிழல்களுக்குப் போனாள். மெஷின் கண்ணால் கண்டது அவை மட்டும்தான். அழகான அந்தப் படம் தரும் நிழலை நிஜ நிழலிலிருந்து கழித்தாள். பொய் கழிந்துபோக, மிச்சமாக நின்றது ஒரு கறை. வெள்ளை இல்லை. மங்கிப்போன, பரவிய, நாள்பட்ட கறை.

பத்து நாள்.

திரையில் வாய் மறுபடி அசைய ஆரம்பித்தது, அதே வார்த்தை, வேகமாக, மிக வேகமாக. பெரியவள் அதைப் பார்க்காமல் மிச்சப் படத்தை மட்டும் நகல் எடுத்தாள். எடுத்து முடித்துவிட்டு, தங்கையின் நெற்றி இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். திரை சில்லென்று இருந்தது. பிறகு அவளே பட்டனை அமுக்கி அணைத்தாள்.

வீட்டுக்குப் போனபோது அம்மா சின்னவளின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஏழு மாதமாக வாரம் ஒருமுறை கலைத்து மடிக்கிறாள்.

"அம்மா, அவ என்கிட்ட சொன்னா. பத்து நாளா தலை வலிக்குதுன்னு சொன்னா. நான்தான் கண்டுக்கல. நீ கேட்டப்ப பொய் சொல்லிட்டேன்."

அம்மாவின் கை நின்றது. கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். எழுந்து சின்னவளின் அறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். பன்னிரண்டு நாள் அம்மா அவளோடு பேசவில்லை. சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், போய்விடுவாள். பதின்மூன்றாம் நாள் காலை, பெரியவள் செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து சொன்னாள்:

"வலிச்சா உன்கிட்டதான் ஓடுவா. என்கிட்ட வரமாட்டா. சின்னதுலேந்தே அப்படித்தான்."

மன்னிப்பா, குற்றச்சாட்டா என்று பெரியவளுக்கு விளங்கவில்லை. வாசலில் நின்று அழுதாள். அம்மா வந்து பக்கத்தில் நின்றாள்.

பழைய மெஷின் போன இடத்தில் ஒரு மாதத்துக்குள் புதியது வந்தது. அதன் படுக்கை தன்மேல் எவ்வளவு எடை இருக்கிறது என்று தானே காட்டும். பொருத்த வந்தவர்கள் எல்லாவற்றையும் சரிபார்த்து, எடையைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை டெக்னீஷியன் கதவைத் திறந்தபோது, காலிப் படுக்கையில் நாற்பத்தாறு கிலோ இருந்தது. அவர்களைத் திரும்ப அழைத்துவந்து எடை காட்டும் கருவியை இரண்டு தடவை மாற்றிப் பார்த்தார்கள். காலையானால் நாற்பத்தாறு. அன்றைக்குச் சின்னவளின் சீட்டில் டெக்னீஷியன் எழுதியிருந்த எடை அதுதான்.

மூன்றாம் நாள் அவர் பெரியவளைக் கூப்பிட்டனுப்பினார். அவள் படுக்கையின் ஓரத்தில், இடித்துக்கொள்ளாமல், கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தாள். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு எல்லோரும் வெளியே போனார்கள். அவள் என்ன பேசினாள் என்று யாருக்கும் கேட்கவில்லை. அரைமணி கழித்துக் கடைசியாக அவள் சொன்னது மட்டும் கதவுக்கு வெளியே கேட்டது.

"எந்திரிம்மா. ஆளுங்க காத்திருக்காங்க."

எண் பூஜ்யத்துக்கு இறங்கியது.

அதன்பின் தினமும் காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன் பெரியவள் கீழே போய்வருகிறாள். அவள் காய்ச்சலில் படுத்த ஒரே ஒரு நாள், சாயங்காலம் வரைக்கும் அந்தப் படுக்கையில் ஒருவரையும் படுக்கவைக்க முடியவில்லை.