ஹாரன் அடிக்காத வண்டி

பின்னால் வந்த வண்டி ஹாரன் அடிக்கவில்லை.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற சாலையில் இதைவிட வினோதமாக ஒன்று நடக்க வழியில்லை. முன்னால் லாரி நின்றால் அடிப்பார்கள், மாடு நின்றால் அடிப்பார்கள், ஒன்றுமே இல்லாவிட்டால் கை சும்மா இருக்கிறதே என்று அடிப்பார்கள். முள்ளக்காடு தாண்டியதிலிருந்து பொன்னுதுரையின் காருக்கு ஒரு முழம் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த இந்த வண்டியோ, விளக்கை முழு வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு ஊமையாக வந்தது.

மணி ஆறே முக்கால். மேற்கே மிச்சமிருந்த சிவப்பும் வடிந்து, இருபக்கமும் உப்பளங்கள் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தன. குவித்து வைத்த உப்பு மட்டும் வரிசை வரிசையாக வெளுத்துத் தெரிந்தது. ஜன்னல் இடுக்கு வழியாக, தேங்கிய கடல்நீரும் கறுத்த சகதியும் சேர்ந்த அழுகல் வாடை உள்ளே வந்தது. பொன்னுதுரை கையை வெளியே நீட்டி, முன்னால் போ என்று வீசிக் காட்டினார். வண்டி போகவில்லை. வேகத்தைக் கூட்டினார், அதுவும் கூட்டியது. குறைத்தார், அதுவும் குறைத்தது.

"படிக்காத பயல்" என்றார், பக்கத்து இருக்கையைப் பார்த்து.

பக்கத்து இருக்கையில் ஒரு பொன்னாடையும் ஒரு கேடயமும் இருந்தன. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரான பொன்னுதுரை, கல்லூரி ஒன்றில் சாலைப் பாதுகாப்பைப் பற்றி ஒன்றே கால் மணி நேரம் பேசிவிட்டு வந்துகொண்டிருந்தார். 'கிங்ஸ்டன் நினைவு சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளை'யின் நிறுவனர் அவர். தலைவர் அவர். செயலாளரும் அவர். ஜனநாயகம் கெட்டுவிடக் கூடாதே என்று பொருளாளராக மட்டும் மைத்துனரைப் போட்டிருந்தார். 'கைபேசி கையிலே, காலன் பின்னாலே' என்ற வாசகத்தை அவரே இயற்றி, மாணவர்களை மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்திருந்தார்.

கிங்ஸ்டன் அவருடைய ஒரே மகன். இருபத்து மூன்று வயது. அவன் போய் நாளையோடு ஒரு வருடம்.

கண்ணாடியில் அந்த விளக்குகள் துடித்தன. இடது பக்கம் வெள்ளை. வலது பக்கம் மஞ்சள். பொன்னுதுரை அதைக் கவனித்தார். கவனிக்காதது மாதிரி கண்ணாடியை மேலே திருப்பிவிட்டார்.

பழையகாயல் டீக்கடையில் நிறுத்தினார். நிறுத்தினால் போய்விடும் என்று நினைத்தார். வண்டி அவர் காருக்குப் பின்னால், இடையில் ஒரு ஆள் நுழைய முடியாதபடி வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை. இன்ஜின் சத்தமும் இல்லை. கல் உப்பை யாரோ செருப்புக் காலால் மிதித்து நடக்கிற மாதிரி நறநறவென்று மட்டும் ஒரு சத்தம்.

கடைக்கார அய்யாக்குட்டி டீயை ஆற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தான். "சார், உங்க கூட வாற வண்டியா?"

"இல்ல. யாருன்னு தெரியல. போகச் சொல்லு."

அய்யாக்குட்டி போனான். குனிந்து ஏதோ பேசினான். திரும்பி வரும்போது உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தான்.

"ஏலே தம்பி, முன்னால போயேம்லேன்னு சொன்னேன். மாட்டேங்கான் சார்."

"ஏனாம்?"

"உங்க வண்டிய விடாம ஒட்டி வரச் சொல்லியிருக்காவளாம். கேப்பு விட்டா நடுவுல எவனாவது நுழைஞ்சிருவானாம்." அவன் சிரித்தான். "எந்த மகராசன் வண்டி பழக்கி விட்டானோ!"

டீ பொன்னுதுரையின் விரல்களில் சிந்தியது. சுடவில்லை.

"ஆளப் பாத்தியா?"

"கண்ணாடி பூரா உப்புல்லா பூத்துக் கிடக்கு! உப்பளப் பாத்திக்குள்ள இருந்து தூக்கிட்டு வந்த மாதிரி. கொஞ்சமா இறக்கி, வாய மட்டும் வச்சுப் பேசுதான்." அய்யாக்குட்டியின் சிரிப்பு நின்றுபோனது. "பேசப் பேச வாயில இருந்து கொட்டுது சார்."

பொன்னுதுரை காரில் ஏறினார். எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியவில்லை.

கேப்பு விடாதே. அந்த வார்த்தையை அறிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். சொன்னவர் இவர். கேட்டவன் நாசரேத் கல்லறைத் தோட்டத்தில் இருந்தான்.

போன வருடம் புதுக் கார் எடுத்த அன்று அவர் புதியதில் முன்னால் வந்தார். கிங்ஸ்டன் பழைய காரில் பின்னால் வந்தான். அந்தக் காரின் வலது விளக்குக்கு மலிவாகக் கிடைத்த மஞ்சள் பல்பை மாட்டியிருந்தது அவர்தான். ஷோரூம் வாசலில் வைத்து, "என் பின்னாலயே ஒட்டி வா. கேப்பு விட்டா நடுவுல எவனாவது நுழைஞ்சிருவான்" என்றார். பையன் சரிப்பா என்றான். அப்பா முன்னால் போகும்போது ஹாரன் அடிப்பது மரியாதை இல்லை என்று நினைக்கிற பிள்ளை அவன். அவர் வழக்கம்போல ஓர் உப்பு லாரியின் பின்னால் ஒட்டிக்கொண்டு போனார். இருட்டில் லாரி சட்டென்று நின்றது. அவர் வலது பக்கம் வெட்டித் தப்பித்துவிட்டார். அவருடைய கார் மறைத்ததால் பையனுக்கு லாரி தெரியவே இல்லை. லாரியின் பின்கதவு பிளந்து அத்தனை உப்பும் பையனின் காருக்குள் இறங்கியது. அவர் வெறும் கையால் தோண்டினார். முதலில் தட்டுப்பட்டது தலைமுடி.

அதற்குச் சற்று முன்னால் கிங்ஸ்டனின் போன் அடித்தது. மறக்காமல் பேக்கரியில் மக்ரூன் வாங்கிவரச் சொல்ல அம்மா கூப்பிட்டாள். போன் அடித்தது இவருடைய காரில். பழைய காரில் சார்ஜ் ஏறாது என்று பையன் அதை அப்பாவிடம் கொடுத்திருந்தான்.

காவல் நிலையத்தில், "பையன் போன் பாத்துக்கிட்டு வந்தானா சார்?" என்று கேட்டார்கள். முப்பத்தைந்து வருடம் மணிக்கணக்கில் பேசியே பழகியவர், அன்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டார். "இருக்கும்." அவர் வீசிய பையனின் போன், உப்பளத்து வாய்க்காலுக்குள் போனது. அந்தச் சொல் வீட்டுக்குள் வந்தது. தான் கூப்பிட்டதால்தான் பிள்ளை செத்தான் என்று ஈவாஞ்சலின் நம்பினாள். தன் போனைப் பீரோவில் வைத்துப் பூட்டியவள் ஒரு வருடமாகத் தொடவில்லை. நாளை நினைவுக் கூட்டத்தில் சபை முன்னால் எழுந்து நின்று, என் மகனைக் கொன்றது நான்தான் என்று சொல்லப் போகிறாள். அவள் அதைச் சொல்வதற்குள் இவர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். இன்று ராத்திரிக்குள். ஆனால் அவர் ஒரு வாரமாகத் தினமும் நாளைக்கு, நாளைக்கு என்றே தள்ளிக்கொண்டு வந்தார்.

விளக்குகள் பின்கண்ணாடியை நிறைத்தன. கேடயத்தில் பட்டுத் தெறித்தன. காருக்குள் பாதி மஞ்சள், பாதி வெள்ளை.

"தம்பி" என்றார் பொன்னுதுரை. "தள்ளி வாப்பா. கேப்பு விட்டு வா."

வண்டி இன்னும் நெருங்கியது. சொன்ன சொல்லைத் தட்டாத பிள்ளை.

அப்போதுதான் முன்னால் இருந்த இருட்டு, வெறும் இருட்டு இல்லை என்று தெரிந்தது. லாரி. பின்விளக்கு இல்லை. தார்ப்பாய்க்கு அடியிலிருந்து உப்பு ஒரு கோடாகச் சிந்திக்கொண்டிருந்தது. நின்றிருந்தது.

ஆலயத்தில் மைக்கைப் பிடித்து அவர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்: அந்த இடத்தில் நான் இருந்திருக்கக் கூடாதா, மகனுக்குப் பதிலாக இந்தக் கிழவன் போயிருக்கக் கூடாதா. ஜனங்கள் அழுவார்கள். அவரும் அழுவார். பொய் இல்லை அது. இன்னொரு தடவை வாய்த்தால் ஸ்டீயரிங்கை நேராகவே பிடித்திருப்பேன் என்று அவர் மனமார நம்பினார்.

இதோ, வாய்த்தது.

நேராகப் பிடி.

நேராக.

கை வலது பக்கம் வெட்டியது.

பின்னால் தகரம் மடங்கும் சத்தம். கண்ணாடி நொறுங்கும் சத்தம். பிறகு நிதானமாக, அவசரமே இல்லாமல், உப்பு சரிகிற சத்தம். அது நெடுநேரம் சரிந்தது.

பொன்னுதுரை நிறுத்தவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. முக்காணி, ஆத்தூர், குரும்பூர். கண்ணாடியில் ஒரு வெளிச்சமும் இல்லை. அழுதுகொண்டே ஓட்டினார். அழுகைக்கு நடுவே நெஞ்சுக்குள் சின்னதாக ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. அது எதற்கான நிம்மதி என்று அவருக்குத் தெரியும். தன்னைப் பார்த்து அவர் முதல்முறையாகப் பயந்தது அப்போதுதான்.

நாசரேத்தில் வீட்டு முற்றத்தில் காரை விட்டுவிட்டு, கேட்டைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து நின்றார். ஈவாஞ்சலின் படியிறங்கி வந்தாள். அவள் கையில் போன் இருந்தது. ஒரு வருடம் கழித்துப் பீரோவிலிருந்து எடுத்திருக்கிறாள்.

"ஏங்க, நாளைக்கு எல்லார் முன்னாலயும் சொல்லப் போறேன். அதுக்கு முன்னால நீங்க ஒண்ணு சொல்லணும்." அவள் போனைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்திருந்தாள். "நெசமாவே இந்தப் போனாலதானா? வேற ஒண்ணும் இல்லியே? வேற எதாச்சும் இருந்தா இப்பச் சொல்லிருங்க. நான் உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

சொல்லிவிடலாம். ஐந்தாறு சொற்கள்தான். வாயைத் திறந்தார். நாக்கெல்லாம் உப்புக் கரித்தது.

"போனாலதான்" என்றார்.

அவள் தலையசைத்தாள். மெல்ல, நெடுநேரம். பிறகு கண் கூசிக் கையை நெற்றியில் வைத்தாள். அவளுடைய முகத்தில் ஒரு பாதி மஞ்சளாகவும் மறுபாதி வெள்ளையாகவும் இருந்தது.

"உங்க பின்னால யாரு நிக்கா?" என்றாள். "ஹாரன் கூட அடிக்காம?"

கேட் முதுகில் இருந்தது. சாத்திய கேட். இப்போது அங்கே கேட் இல்லை. நறநறவென்று சத்தம் வந்தது. நின்றது.

"யாருமில்ல."

மறுபடி நறநற.

"அப்போ, நாந்தானே எம்பிள்ளைய..."

"ஆமா ஈவா."

முழங்கால்களின் பின்பக்கம் குளிர்ந்த தகரம் வந்து தொட்டது. மெதுவாக. மரியாதையாக. இடைவெளி விடாமல்.