இரண்டு ஜோடிச் செருப்பு

டாக்குரியா ஏரிக்கரையில் இருக்கும் ஜப்பானியர் கட்டிய புத்தர் கோயிலுக்கு ரமணன் வந்து சேர்ந்தபோது காலை ஆறு மணி. டிசம்பர் மாதம், தொண்ணூற்றெட்டு. ஏரி தெரியாதபடிக்குப் பனி. உள்ளே முரசு ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது.

சட்டைப்பையில் நாலாக மடித்த ஒரு தாள். அவர் மனைவி ஜலஜா எழுதிவைத்த வழி அது. ஏரிக் கோயிலிலிருந்து பௌபஜார் விகாரை வரை நடை. ஹவுராவிலிருந்து கயாவுக்கு ரயில். கயாவிலிருந்து போத்கயாவுக்கு மறுபடியும் நடை. டிக்கெட் இரண்டு பேருக்கும் முன்கூட்டியே எடுத்தாயிற்று. எடுத்துவைத்தவள் செத்து இன்றோடு இருபத்தேழு நாள்.

வாசலில் செருப்புப் பார்த்துக்கொள்ளும் வங்காளிக் கிழவியிடம் செருப்பைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கால் மணி நேரம் உட்கார்ந்தார். எதுவும் தோன்றவில்லை. எழுந்து வந்தார்.

கிழவி இரண்டு ஜோடியை எடுத்து முன்னால் வைத்தாள்.

அவருடையது ஒன்று. பக்கத்தில் நீல வார் ரப்பர் செருப்பு. இடது கால் வார் அறுந்து, அடியில் ஊக்கு குத்தியிருந்தது.

"மாசி, இது என்னுது இல்ல."

"பௌதியோடது, தாதா. உங்க சம்சாரம் உங்க பின்னாலயே வந்து கழட்டினாங்களே," என்றாள் கிழவி வங்காளியில். "அவங்க இன்னும் உள்ளயா இருக்காங்க?"

அந்த ஊக்கைக் குத்திக் கொடுத்தது ரமணன்தான். ஜலஜாவை எரித்த அன்று மின்மயானத்துக்கு வெளியே இருந்த குப்பைத்தொட்டியில் அந்தச் செருப்பைப் போட்டதும் அவர்தான். பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பல் பிடுங்கிய இடம் மாதிரி உள்ளே மரத்துக் கிடந்தது. தன்னுடையதை மட்டும் மாட்டிக்கொண்டு நடந்தார்.

லேக் மார்க்கெட்டில் இராஜமாணிக்கம் அப்போதுதான் காப்பிப்பொடிக் கடையைத் திறந்துகொண்டிருந்தார். முப்பது வருஷச் சிநேகிதர்.

"ஒரு வருஷத்துக்குக் கோயில் வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னா, புத்தர் கணக்குல வரமாட்டார்னு கிளம்பிட்ட. உன்னைத் திருத்தவா முடியும்?" என்று சிரித்தவர், செருப்புச் சமாசாரத்தைக் கேட்டதும் கையில் இருந்த பூட்டைக் கீழே வைத்தார்.

"ரமணா, அன்னைக்கு மயானத்துல நீ என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. இரும்புக் கதவு இறங்கும்போது, இருபத்தெட்டு வருஷம் துறைமுக ஆபீசுக்குக் கிளம்பும்போது சொன்ன பழக்கத்தில், வாய் தானாகச் சொல்லிவிட்டது. போயிட்டு வரேன் ஜலஜா.

"செத்தவங்க கிட்ட அதைச் சொல்லலாமாடா? சொல்லாமத்தானே திரும்பி நடக்கணும்? வரேன்னுட்டுப் போனவனைத் தேடிக்கிட்டு அவளே வந்துட்டா." இராஜமாணிக்கம் குரலைத் தாழ்த்தினார். "வீட்டுல உன் மக சாதனா எட்டு மாசம். பிள்ளைத்தாச்சிப் பொண்ணு இருக்கற எடம். அவ போக ஆசைப்பட்ட எடத்துக்கே கூட்டிட்டுப் போ. அங்க வெச்சு, போறேன்னு சொல்லு. வெறும் போறேன். திரும்பிப் பாக்காம வந்துடு."

போறேன். வீட்டு வாசலில் அந்தச் சொல்லைச் சொன்னதற்காகச் சாதனா சின்ன வயதில் அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறாள்.

பௌபஜார் விகாரையின் படியிலும் இரண்டு ஜோடி இருந்தது.

மறுநாள் காலை ஹவுராவில் ரயில் பெட்டியின் கதவோரம் ஒட்டியிருந்த பட்டியலில் இரண்டு பெயரும் இருந்தன. டிக்கெட் பரிசோதகர் வந்தார். ரமணனைப் பார்த்தார், ஜன்னலோர இருக்கையைப் பார்த்தார், இரண்டு பேரும் வந்தாயிற்று என்று இரண்டு பெயருக்கும் நேராகக் கோடு போட்டுவிட்டுப் போனார். பெட்டியில் அத்தனை நெரிசல். கயா வரும்வரை அந்த இடத்தில் ஒருவரும் உட்காரவில்லை.

சாயங்காலம் கயாவில் இறங்கித் தங்கினார். விடிந்ததும் நடை. ஒரு பக்கம் பல்கு ஆறு, தண்ணீரில்லாமல் மணலாகக் கிடந்தது. வரட்டிப் புகை நாற்றம். ரமணன் மைல்கல்லை எண்ணிக்கொண்டு நடந்தார்.

பின்னால் சத்தம்.

ரப்பர் தரையில் படும் சத்தம். அதோடு ஒரு சின்ன இரும்புக் கீறல்.

டப். கிர்ர்.

அவர் நின்றால் அதுவும் நின்றது.

பின்னால் யாருக்கோ மூச்சிரைத்தது. இறப்பதற்கு முந்தைய மாதம் ஜலஜாவுக்கு மாடி ஏறினால் அப்படித்தான் இரைக்கும். அவர் நடையைக் கொஞ்சம் மெதுவாக்கிக்கொண்டார். அவ்வளவுதான் அவரால் செய்ய முடிந்தது.

போத்கயாவில் அரசமரத்தைச் சுற்றி வெவ்வேறு நாட்டுப் பிட்சுக்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். ரமணன் ஓரமாக நின்றார். மூன்றாவது முயற்சியில்தான் சொல் வந்தது.

"ஜலஜா. நான் போறேன்."

காற்றே இல்லை. ஒரு இலை அவர் தோளில் விழுந்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, கீழே விழுந்தது.

வெளியே செருப்பு வைத்த இடத்தில் ஒரு ஜோடிதான் இருந்தது.

திரும்பும் வழியில் சத்தமில்லை. ரயிலில் பக்கத்து இருக்கையில் ஒரு மார்வாடி உட்கார்ந்து பூரி தின்றார். ரமணனுக்கு அழுகை வரும்போலிருந்தது. வரவில்லை.

டாக்குரியா வீட்டுக்கு வந்ததும் முதலில் வாசலைப் பார்த்தார். மகளுடையது, மாப்பிள்ளையுடையது, இப்போது கழற்றிய தன்னுடையது. வேறு இல்லை. அன்று நன்றாகத் தூங்கினார்.

காலை பத்து மணிக்குச் சாதனாவுக்கு டாக்டரிடம் போக வேண்டும். மாப்பிள்ளை ஜெயந்த் டாக்சி பிடிக்க முன்னாலேயே கீழே போய்விட்டான். ரமணன் கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாதனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மாலை போட்ட படத்தின் முன்னால் நின்றாள்.

"அம்மா, போயிட்டு வரேன்."

ரமணன் எழுந்தேவிட்டார். "சாதனா! அப்படிச் சொல்லாதேம்மா."

"ஏம்ப்பா? நீங்க ஊர்ல இல்லாதப்பகூட தினம் சொல்லிட்டுத்தானே போனேன்? பாபா ரே, இதுக்கா இப்படிக் கத்தறீங்க!" சிரித்துக்கொண்டே படியிறங்கினாள்.

அவள் கால் சத்தம் இறங்கியது.

அதற்குப் பின்னால் இன்னொன்று.

டப். கிர்ர். டப். கிர்ர்.

ரமணன் பால்கனிக்கு ஓடினார். கீழே மஞ்சள் டாக்சி. ஜெயந்த் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். சாதனா பின்கதவைத் திறந்து ஏறினாள். ஏறியவள் கதவைச் சாத்தவில்லை.

புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு உள்ளே நகர்ந்துகொண்டாள்.

கதவு சாத்திக்கொண்டது.