நீதிபதி கூவினார், பாட்டு நின்றது

கிங்ஸ்டனில் சிறுமி நோவ்லெட்டின் வீட்டுக்கு அடுத்தது பாட்டுப் பதிவுக்கூடம். தகரக் கூரை. உள்ளே தும்மினால் வெளியே கேட்கும், வெளியே தும்மினால் உள்ளே பதிவாகும்.

அன்று உள்ளே பாடிக்கொண்டிருந்தவர் வெண்டல். அந்தத் தெருவின் ரெகே பாடகர். போன வருடம் நோவ்லெட் காய்ச்சலில் படுத்திருந்தபோது தினமும் ஜன்னலோரம் நின்று பாடியவர். அவருடைய முதல் இரண்டு இசைத்தட்டுகளையும் வானொலி கண்டுகொள்ளவில்லை.

"இதுவும் ஓடலேன்னா துறைமுகத்துல மூட்டை தூக்கப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போயிருந்தார்.

கிட்டார் ஆரம்பித்தது. வெண்டல் வாயைத் திறந்தார்.

"கொக்கரக்கோ!"

"நிறுத்துங்கப்பா!" என்று கத்தினார் கூடத்தின் முதலாளி பிராம்வெல்.

எதிர்வீட்டு மிஸ் ஐசில்டாவின் சேவல் அது. பெயர் நீதிபதி.

"தீர்ப்பு வந்தாச்சு. பாட்டு தள்ளுபடி!" என்றார் டிரம்ஸ்காரர்.

ஐந்து முறை பாடினார்கள். ஐந்து முறையும் தீர்ப்பு வந்தது. டிரம்ஸ்காரர் வெளியே வந்து கல்லை எடுத்தார். மிஸ் ஐசில்டா கரண்டியோடு ஓடி வந்தார்.

"என் சேவல் மேல கல்லு பட்டுச்சுன்னா, உன் டிரம்ஸைக் கிழிச்சுடுவேன்!"

"வெண்டல், நாளைக்கு வேற ஆள் பாட வர்றாங்க. இன்னிக்கு முடியலேன்னா அவ்வளவுதான்" என்றார் பிராம்வெல். வெண்டல் தலை குனிந்துகொண்டார்.

நோவ்லெட்டுக்கு மனசு கேட்கவில்லை. மதில்மேல் உட்கார்ந்து சேவலையே பார்த்தாள். அது சும்மா கூவவில்லை. வாசலில் நின்ற பிராம்வெல்லின் காரிடம் போகும். பளபளக்கும் சக்கர மூடியை முறைக்கும். கழுத்து இறகு சிலிர்க்கும். பிறகுதான் கூவும்.

குதித்து ஓடினாள். கொடியில் காய்ந்த போர்வையை உருவினாள்.

"அம்மா, திட்டறதா இருந்தா அப்புறமா திட்டு!"

போர்வை காரின் அந்தப் பக்கத்தைச் சக்கரம்வரை மூடியது.

"ஏய் பொண்ணே, என் காருக்கு என்ன ஆச்சு?" பிராம்வெல் பதறினார்.

"காருக்கு ஒண்ணுமில்ல சார். அதுல இன்னொரு சேவல் தெரியுது. அதோடதான் இது சண்டை போடுது."

எதிரியைக் காணாத நீதிபதி, பலாமரத்தடியில் புழு தேடப் போய்விட்டது.

வெண்டல் ஒரே மூச்சில் பாடி முடித்தார். வாசலில் மிஸ் ஐசில்டாவின் கால்கூடத் தாளம் போட்டது.

மூன்றே வாரம். ஒவ்வொரு பேருந்திலும், ரொட்டிக் கடையிலும் அந்தப் பாட்டுதான். வெண்டல் புது இசைத்தட்டோடு வந்தார்.

"முதல் தட்டு உனக்குத்தான். திருப்பிப் பாரு."

இங்கே இசைத்தட்டின் மறுபக்கத்தில் எப்போதும் அதே பாட்டு வார்த்தை இல்லாமல், வெறும் இசையாக இருக்கும். அதற்கும் ஒரு பெயர் வைப்பார்கள். இதில் 'நன்றி, நோவ்லெட்' என்று அச்சாகியிருந்தது.

நோவ்லெட் இரண்டு முறை படித்தாள்.

"பாட்டே இல்லாத பக்கத்துக்கா அண்ணே என் பேரு?"

"அதுமேல நீ பாடணும்னுதான்!"

மிஸ் ஐசில்டாவிடம்தான் கிராமபோன் இருந்தது. தெருவே அங்கே கூடியது. நோவ்லெட் தொண்டையைச் செருமிக்கொண்டு, தனக்குத் தோன்றிய வார்த்தைகளைப் போட்டுப் பாடினாள்.

பாடி முடித்ததும் எல்லாரும் மிஸ் ஐசில்டாவைப் பார்த்தார்கள். அவர் கிராமபோன் முள்ளைத் தூக்கி மறுபடி தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"ம், பாடு."