நிறுத்தினால் சுற்றாது

தீபாவளிக்கு மறுநாள் மதியம் ஷெட்டின் கதவைத் தள்ளியதும் சித்ராதேவிக்கு முதலில் உறைத்தது அந்தச் சத்தம்தான். டிக். டிக். பிறகு யாரோ தொண்டையைச் செருமுவது போல ஒரு கிர்ர். கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க் அப்படித்தான் சத்தம் போடும் என்று, கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்த ராபின் காலையிலேயே சொல்லியிருந்தான். ஆனால் காலையில் காதைப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் கேட்டது. இப்போது வாசலில் நிற்கும்போதே கேட்கிறது.

ஊர் சும்மா கிடப்பதால் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். வருஷம் முழுக்க அந்தச் சந்தில் இரைச்சல் ஓய்ந்ததே இல்லை. ஒரு பக்கம் நிட்டிங் மிஷின்கள், மறுபக்கம் தையல் டேபிள்கள், நடுவில் ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி வேன்களின் ஹாரன் என்று எல்லாம் சேர்ந்து காதுக்குள் ஒரு போர்வை போலப் படிந்துவிட்டிருக்கும். தீபாவளிக்குத் தெற்கத்திக்காரர்கள் பஸ் ஏறிப் போனதும் அந்தப் போர்வையை யாரோ உருவிவிடுவார்கள். வெடித்துப் போட்ட பட்டாசுக் காகிதம் மழை ஈரத்தில் ஊறிய வாடையும் மிஷின் ஆயில் வாடையும் கலந்து வந்தன. ஷெட்டை நீளவாக்கில் அடைத்துக்கொண்டு பன்னிரண்டு தலை எம்ப்ராய்டரி மிஷின், ஊசிகளை மேலே தூக்கி வைத்தபடி, துணி இல்லாத வெறும் ஃபிரேம்களோடு நின்றது. மிஷினின் மெயின் சுவிட்சை அவளே முந்தாநாள் அணைத்திருந்தாள்.

மூலையில் கம்ப்யூட்டர் மேசை. டிஸ்க்கை வெளியே எடுத்து, மடித்த பனியன் துணி மேல் கிடத்தி, சூடேறாமல் இருக்க டேபிள் ஃபேனை அதன் முகத்துக்கு நேரே வைத்திருந்தான் ராபின். ஆஸ்பத்திரியில் கிடக்கும் நோயாளியைப் போல இருந்தது அது. அதில் இருப்பதெல்லாம் ஒவ்வொன்றாகப் புது டிஸ்க்குக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அக்கா, என்ன ஆனாலும் நிப்பாட்டிராதிய," என்று காலையில் கிளம்பப் பையைத் தோளில் மாட்டும்போது சொல்லியிருந்தான். அவனுக்கு நாசரேத் பக்கம் ஊர். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். "ஒரு தடவ நின்னுச்சுன்னா திரும்பச் சுத்தாது. அதோட கத முடிஞ்சுது."

அவளுக்கும் அதோடு முடிந்துவிடும். ஒரு படத்தைக் கொடுத்தால், ஊசி எங்கே இறங்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும், எங்கே நூல் அறுபட வேண்டும் என்று தையல் தையலாகக் கம்ப்யூட்டரில் போடுவது அவள் தொழில். பஞ்சிங் என்பார்கள். இத்தனை வருஷம் அவள் போட்ட டிசைன் எல்லாம் அந்த டிஸ்க்கில்தான் கிடந்தன. பழைய பார்ட்டி அதே பூவை மறுபடி கேட்டு வந்தால் கையில் பூ இருக்க வேண்டும். இல்லையென்றால் அவன் அடுத்த சந்துக்குப் போய்விடுவான். அடுத்த சந்தில் பிரபாகர் இருந்தான். ஆடி மாதம் வீட்டை விட்டுப் போன அவள் புருஷன், போகும்போது ஆட்களையும் இன்னொரு டிஸ்க்கில் எடுத்து வைத்திருந்த காப்பியையும் கொண்டுபோய், சொந்தமாக ஷெட் போட்டுவிட்டான். டிசைனெல்லாம் தான் போட்டதென்று காதர்பேட்டை பனியன் மார்க்கெட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஒரு இலைக்குக் கூடத் தையல் போடத் தெரியாதவன்.

சேரில் உட்கார்ந்தாள். துப்பட்டாவைக் கழற்றிக் கைப்பிடியில் போட்டாள். திரையில் அவள் பிள்ளைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன: குட்டியானை, கோணல் மயில், தூங்குமூஞ்சிக் கரடி. எல்லாம் அவள் வைத்த பெயர்கள். ஒவ்வொன்று வரும்போதும் தலையை ஆட்டினாள்.

போன் அடித்தது. பிரபாகர்.

"ஏஞ் சித்ரா, கம்ப்யூட்டர் பொட்டி போயிருச்சாமா?"

"ஆரு சொன்னாங்க?"

"சொன்னாங்க. எதுக்கு இத்தன வீம்பு உனக்கு? மிஷினத் தள்ளிப்போட்டு உங்கொம்மா ஊட்டுக்குப் போய்ச் சேரு."

"டிசைனெல்லாம் நீங்க போட்டதுன்னு சொல்றீங்களாமா. அப்ப இன்னொருக்காப் போட்டுக் காமிங்க. என்னோடது போனா உங்களுக்கு என்ன?"

பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்தாள்.

நிமிர்ந்தபோது திரையில் பெயரில்லாத ஒரு டிசைன் வந்திருந்தது.

பெயர் வைக்காமல் அவள் எதையும் விட்டதில்லை. திறந்தாள். மிஷின் தைக்கிற வரிசையிலேயே கோடுகள் ஓடின. முதலில் ஒரு கதவு. அடுத்து நீளமான ஒரு மிஷின். ஒரு மேசை, ஒரு சேர், சேரின் கைப்பிடியில் தொங்கும் துணி. சேரில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். அவள் ஜடையைப் புரி புரியாக, அவசரமே இல்லாமல் தைத்தது. கடைசியாக ஊசி கதவுக்குத் திரும்பிப் போய், அங்கே நிற்கும் ஓர் உருவத்தை நெருக்கமான தையலில் நிரப்பியது. தோள், கை, கால் எல்லாம் இருந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் தையலே இல்லை. வெறும் துணி.

சித்ராதேவி திரும்பிப் பார்த்தாள். கதவு திறந்து கிடந்தது. சந்தில் யாருமில்லை.

எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். டிக். டிக். கிர்ர். இன்னொரு பெயரில்லாத டிசைன். அதில் கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாளோடு. உருவம் கதவுக்கு உள்பக்கம் நின்றது.

திரையை போனில் படம் பிடித்து ராபினுக்கு அனுப்பினாள். உடனே கூப்பிட்டான். பின்னால் பஸ் இரைச்சல், யாரோ குழந்தையை அதட்டும் குரல். மனிதச் சத்தம் கேட்டதே பெரிய ஆறுதலாக இருந்தது.

"அக்கா, கூட யாரு இருக்கா?"

"ஆருமில்ல தம்பி. அந்த டிசைன் எங்கிருந்து வருதுன்னு சொல்லு."

"டிசைன விடுங்க. நீங்க எடுத்த படத்துல, மானிட்டர் கண்ணாடியில உங்க நெழலு தெரியுதுல்லா? அதுக்குப் பின்னால…" நிறுத்தினான். "அக்கா, வெளிய வந்துருங்க. இப்பமே. நான் சொல்லுதேன்ல."

"பாதிதான் ஏறியிருக்குது. நிறுத்துனாத் திரும்பச் சுத்துமா?"

பஸ் எங்கோ பிரேக் போட்டது.

"சுத்தாதுக்கா."

"அப்ப நான் வரல."

சேரைத் திருப்பிப் போட்டாள். முதுகு மானிட்டருக்கு, முகம் ஷெட்டுக்கு. வரட்டும், நேருக்கு நேர் வரட்டும். ஷெட்டு முழுக்கக் கண்ணால் துழாவினாள். மிஷினின் அடியில், நூல் கோன் அடுக்கிய ரேக்கின் இடுக்கில், தண்ணீர்க் கேன் வைத்த மூலையில், கதவின் பின்னால். ஐப்பசி மழை கறுத்துக்கொண்டு வந்ததில் வென்டிலேட்டர் வழியாக விழுந்த வெளிச்சம் சாயத் தண்ணி மாதிரி மங்கிக்கொண்டே போனது. எதுவும் அசையவில்லை. வெகுநேரம் எதுவும் அசையவில்லை. அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

தலையை மட்டும் திருப்பித் திரையைப் பார்த்தாள்.

புது டிசைன். இதில் அவள் முகம் தெரிந்தது. திறந்த கண்கள், இறுகிய வாய், நெற்றிப் பொட்டு எல்லாம் அச்சாக அவளே. இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவள் தோளுக்கு மேலே, அவளுக்கும் மானிட்டருக்கும் நடுவே, ஒரு சாண் கூட இல்லாத அந்த இடைவெளியில், முகமில்லாத அது குனிந்து நின்றது.

எந்தப் பக்கம் திரும்பினாலும் அது பின்னால்தான்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ட்யூப்லைட் அணைந்தது. டேபிள் ஃபேன் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. கம்ப்யூட்டரை மட்டும் யூ.பி.எஸ். தாங்கிக்கொண்டு, பீப், பீப் என்று அலறியது. டிஸ்க்கின் சத்தம் மாறியது. டிக்டிக்டிக். தொட்டுப் பார்த்தாள். அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் போல இருந்தது.

"போயிராத," என்றாள். "போயிராத சாமி."

சேரை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து விசிறினாள். இனி திரும்பிப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தாள். பயத்தால் அல்ல, பார்த்தால் கை நின்றுவிடும்.

விசிறினாள். குட்டிப் பூக்கள் வந்தன. ஸ்கூல் பேட்ஜ் ஒன்று வந்தது. நடுவில் பெயரில்லாததும் வந்தது. அதைத் திறக்கவில்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு விசிறினாள். இன்னொன்று. இன்னொன்று.

முதுகில் ஏதோ சுருக்கென்றது.

வேர்க்குருவாக இருக்கும். எறும்பாக இருக்கும். சேரின் துணி உறையில் எப்போதும் எறும்பு. மறுபடி சுருக். தோள்பட்டைக்குக் கீழே. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. ஒரே இடைவெளியில், ஒரே சீராக, நேர்கோட்டில். கோடு இடுப்பு வரை போனது. திரும்பியது. பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு மேலே வந்தது. கழுத்தில் மூச்சு எதுவும் படவில்லை. அதற்கு மூச்சே இல்லை. எண்ணெய் வாடை மட்டும் அடித்தது, புதிதாக மாட்டிய ஊசியின் வாடை.

"நீ ஆரா வேணா இரு," என்றாள் டிஸ்க்கைப் பார்த்தபடியே. குரல் உடைந்தது. கனைத்துச் சரிசெய்து மறுபடி சொன்னாள். "ஆரா வேணா இரு. இதுல இருக்கற ஒவ்வொரு தையலும் நான் போட்டது. எடுத்துட்டுத்தான் எந்திரிப்பேன். அதுக்கு முந்தி எவன் வந்தாலும் எந்திரிக்க மாட்டேன்."

சுருக். சுருக். சுருக்.

கை ஓயவில்லை. கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை. பீப் சத்தம் நெருக்கமாகிக்கொண்டே வந்தது. கடைசியாகத் தூங்குமூஞ்சிக் கரடியின் தம்பி வந்தது. அதோடு பட்டியல் நின்றது. எல்லாம் ஏறிவிட்டது.

டிஸ்க் ஒருமுறை நீளமாகச் செருமியது. நின்றது. இனி சுற்றாது.

திரை அணைவதற்குள் புது டிஸ்க்கைப் பிடுங்கி இடது கையில் இறுக்கினாள். இருட்டு. அமைதி. ஊரெல்லாம் அமைதி. ஜெயித்துவிட்டாள். வாய்விட்டுச் சொன்னாள், "போடா."

எழுந்தாள்.

சேரும் கூடவே எழுந்தது.

மறுபடி உட்கார்ந்தாள். மூச்சை அடக்கினாள். வலது கையைப் பின்னால் வளைத்துத் தடவினாள். சுடிதாரின் துணி. அதன் மேல் புடைத்த, நெருக்கமான, வழவழப்பான தையல். நல்ல தையல். அவளே போட்டால் எப்படி இருக்குமோ அப்படி. விரல் அதோடு ஓடி ஓரத்துக்கு வந்தது. சேரின் உறை. அவள் தோல். எது எங்கே முடிகிறதென்று தெரியவில்லை.

மேசையைத் துழாவினாள். நூல் வெட்டுகிற டிரிம்மர் கைக்குச் சிக்கியது. முனையைத் தையலுக்கு அடியில் நுழைத்து அமுக்கினாள். நறுக். நெருப்பு பட்டாற்போல எரிந்தது. முதுகில் சூடாக ஏதோ இறங்கியது. ஒரு தையல் விட்டது.

பின்னால், டக் என்று ஒரு சத்தம்.

முதுகில் புதிதாக ஒரு சுருக்.

பல்லைக் கடித்துக்கொண்டு, முடிந்த மட்டும் கழுத்தைத் திருப்பினாள். வென்டிலேட்டர் வழியாக வந்த கொஞ்ச வெளிச்சத்தில் மிஷின் தெரிந்தது. கரண்ட் இல்லை. மெயின் அணைந்தே இருந்தது. பன்னிரண்டு ஊசிகளும் ஒன்றாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு ஊசியின் காதிலிருந்தும் ஒரு நூல், விறைப்பாக, ஷெட்டின் காற்றைக் குறுக்கே கடந்து, அவள் முதுகுக்கு வந்துகொண்டிருந்தது. அந்த நூல்களை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு, சாவகாசமாக, முகமில்லாத அது மிஷினுக்கும் அவளுக்கும் நடுவே நின்றது.

சித்ராதேவி டிஸ்க்கை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அடுத்த தையலைத் தேடி விரலை ஓட்டினாள். நறுக்.

டக்.

நறுக்.

டக்.