பூஜ்யத்துக்குக் கீழே

2003 செப்டம்பர் 10, புதன். காலை 6.10.

அடி அண்ணாமலை கோயிலைத் தாண்டிய வளைவில், கிரிவலப் பாதையோரம் ஒருவர் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். களைப்பாறுகிறார் என்று நினைத்துப் பௌர்ணமிக் கூட்டம் கடந்து போனது. இட்லிக்கடை காசியம்மாள்தான் தண்ணீரோடு வந்து தோளைத் தொட்டாள். அவர் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது.

பரசுராமன், அறுபத்தொரு வயது, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ரத்த அழுத்தம் 220. மூளையில் ரத்தக் கசிவு. 8.45க்கு உயிர் போனது.

அவர் சட்டைப் பையில் இரண்டு பொருள்கள் இருந்தன. பாதி உடைத்த மாத்திரையோடு ஒரு அட்டை. உள்ளூர் கிளினிக் சீட்டு ஒன்று. அதில் ஜூலை 9 தேதி, 118/76.

"அப்பா ஒரு நாள் கூட மாத்திரையை விடலைங்க" என்றாள் மகள் மணிமொழி. "பிரஷர் கம்மியாயிடுச்சு, பாதி போதும்னு டாக்டரே சொன்னார். அன்னிக்குக் கேசரி கிண்டினேன்."



காலை 10.30.

கிளினிக்கை ஒட்டிய தசரதனின் மருந்துக்கடை முன்னால் நூறு பேர் கூடிவிட்டார்கள். காசியம்மாளின் குரல்தான் ஓங்கியிருந்தது.

"நூத்தி நாப்பது நார்மல்னாங்க. அப்புறம் நூத்தி முப்பதுன்னாங்க. இப்போ நூத்தி இருபதாம். நாளைக்கு உசுரோட இருக்கறதே வியாதிம்பாங்க! கம்பெனிக்காரனும் இவனும் கூட்டு. டூப்ளிகேட் மாத்திரை குடுத்துக் கொன்னுட்டான்!"

ஒரு கல் கண்ணாடியில் விழுந்தது.

சப் இன்ஸ்பெக்டர் ஆதிலட்சுமி கடைக்கு சீல் வைத்தாள். கூட்டம் அடங்க அது ஒன்றுதான் வழி என்று அப்போது தோன்றியது. தசரதனை ஜீப்பில் ஏறச் சொன்னாள்.

"செருப்பு போட்டுக்கறேன் மேடம்."

"நேரமில்லை, ஏறுங்க."

அவர் வெறுங்காலோடு ஏறினார்.

செப்டம்பர் 11, மாலை 4.00.

மருந்து ஆய்வாளர் போனில் சொன்னார். மாத்திரை அசல். பேட்ச் எண் சரி. ரசீது சரி.

ஆதிலட்சுமி ஸ்டேஷன் பெஞ்சில் இருந்த தசரதனிடம் வந்தாள். "நீங்க போகலாம். சீலை எடுத்துடறேன்."

அவர் எழுந்திருக்கவில்லை. "எடுத்தா மட்டும் யார் வருவாங்க? போலீஸ் காசு வாங்கிட்டு விட்டுடுச்சும்பாங்க. இருபத்திரண்டு வருஷக் கடை மேடம். எதனால செத்தார்னு நீங்க சொன்னாத்தான் எனக்கு இந்த ஊர்ல இடம்."

மாலை 5.30.

டாக்டர் இளவரசன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். சுவரில் ஒரு மருந்துக் கம்பெனியின் வண்ண அட்டை தொங்கியது. 120க்கு மேலே சிவப்புக் கோடு.

"இது எப்ப வந்தது?"

"ஜூன். அமெரிக்காவுல மே மாசம் நார்மலுக்கான கோட்டை மாத்தினாங்க. மருந்துக் கம்பெனி ரெப் கொண்டாந்து மாட்டினார்."

"நூத்தி இருபதைத் தாண்டினா எல்லாருக்கும் மாத்திரையா?"

டாக்டர் சுவரிலிருந்த அட்டையைப் பார்த்தார். "இல்லை. வேற வியாதி இல்லாதவங்களுக்கு நடை, உப்பைக் கம்மி பண்றது போதும்னுதான் மூல அறிக்கையில இருந்ததாம். இந்த அட்டையில அந்த வரி இல்லை. நான் அட்டையைத்தான் படிச்சேன்."

"பரசுராமனுக்கு ஏன் பாதியாக்கினீங்க?"

"ஜூன்ல 128. ஜூலைல 118. அதுக்கும் கீழே போனா மயக்கம் வரும்னு பாதியாக்கினேன். ஆகஸ்டுல வரச் சொன்னேன். நார்மல்தானேன்னு அவர் வரலை."

"அளந்தது?"

"நர்ஸ் கஸ்தூரி. பதினாலு வருஷ அனுபவம்."

கஸ்தூரி வாசலில் நின்றாள். நாற்பது வயது இருக்கும். கழுத்தில் மஞ்சள் கயிறு. இடது மோதிர விரலில் வெள்ளைப் பிளாஸ்டர்.

"கையில என்ன?"

"பிளேடு கிழிச்சிடுச்சுங்க."

"எனக்கும் ஒரு தடவை பாருங்களேன். நேத்துலேர்ந்து தலை பாரமா இருக்கு."

கஸ்தூரி பட்டையைச் சுற்றினாள். காற்றடித்தாள். பாதரசம் ஏறி இறங்கியது. "106/70. நல்லா இருக்கீங்க" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஆதிலட்சுமி நோயாளிகள் பதிவேட்டைக் கேட்டு வாங்கினாள். மே மாதத்திலிருந்து பக்கம் பக்கமாகப் பார்த்தாள். ராஜம்மாள், 126, அதன்பின் வரவில்லை. சகாதேவன், 144, பிறகு 134. காசியம்மாள், 128, பிறகு 118. ஜூலை முதல் வாரத்துக்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் அநேகமாக இப்படியே இருந்தார்கள்.

மாலை 6.40. டாக்டர் கதவைச் சாத்தினார். உள்ளே மூன்று பேர்.

"நான் படிச்சது பி.எஸ்ஸி. பிசிக்ஸ்" என்றாள் ஆதிலட்சுமி. "மருந்தைப் பத்தி எனக்கு அதிகம் தெரியாது. ஆனா மருந்து ஆளுக்கு ஆள் வேற வேற மாதிரி வேலை செய்யும்னு தெரியும். இந்த நோட்டுல ஒரே வாரத்துல ஊருக்கே பத்து குறைஞ்சிருக்கு. மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் பத்து, சாப்பிடாதவங்களுக்கும் பத்து. போன வாரம் போலீஸ் மெடிக்கல்ல எனக்கு 116. இங்க 106. அப்ப மாறினது எங்க உடம்பு இல்லை."

அவள் கருவியைத் தன் பக்கம் திருப்பினாள். பட்டை தனியாகக் கிடந்தது. உள்ளே காற்று இல்லை.

"டாக்டர், பாதரசம் இப்ப எங்க நிக்கணும்?"

"பூஜ்யத்துல."

"பாருங்க."

டாக்டர் குனிந்தார். பூஜ்யக் கோட்டில் வெறும் கண்ணாடிதான் இருந்தது. பாதரசம் அதற்கும் கீழே, சட்டத்தின் நிழலில் நின்றது.

"ஏறும்போது எல்லாரும் மேல பார்க்கறோம். ஏறறதுக்கு முன்னால யாரும் கீழ பார்க்கறதில்லை. இங்க பத்து கம்மியா ஆரம்பிச்சா, அங்க பத்து கம்மியாத்தான் காட்டும்."

"லீக் ஆகியிருக்கும்" என்றார் டாக்டர்.

"தானா லீக் ஆகியிருந்தா யாரும் எதையும் மறைக்க வேண்டியதில்லை. கஸ்தூரி அக்கா, அந்தப் பிளாஸ்டரைப் பிரிங்க. விரல்ல வெட்டுன்னா பிளாஸ்டர் விரல் மேல இருக்கும். உங்களுது மோதிரத்து மேல சுத்தியிருக்கு."

கஸ்தூரி பிரித்தாள். விரலில் காயம் இல்லை. தங்க மோதிரத்தின் ஒரு பாதி வெள்ளியாக வெளுத்திருந்தது.

"பாதரசம் பட்டா தங்கம் வெளுத்துடும். தேய்ச்சாலும் போகாது. நீங்கதான் எடுத்தீங்க."

கஸ்தூரி மறுக்கவில்லை. குளிர்பெட்டியைத் திறந்து, பின்வரிசையிலிருந்து ஒரு காலி ஊசி மருந்துப் புட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். அடியில் பாதரசம் உருண்டது.

"மலையைச் சுத்தி பாதரசத்தைக் கட்டி ரசமணின்னு விக்கிறவங்க கேட்டாங்க. குடுக்கலைங்க. திரும்ப ஊத்திடலாம், திரும்ப ஊத்திடலாம்னு ஒவ்வொரு திங்கக்கிழமையும் நினைப்பேன்."

"ஏன் எடுத்தீங்க?"

"ராஜம்மாக்கா பூ கட்டறவங்க. 126. கல்லு மாதிரி இருந்தாங்க. இந்த அட்டை வந்ததும் அவங்களுக்கும் மாத்திரை எழுதினார். மூணாம் நாள் தலை சுத்திக் குளத்துப் படியில விழுந்து இடுப்பு உடைஞ்சது. நோட்டுல 126னு எழுதினது நான். யாரோ எங்கேயோ உக்காந்து கோட்டை இறக்கினாங்க. நான் பாதரசத்தை இறக்கினேன்."

"நோட்டுலயே பத்து குறைச்சு எழுதியிருக்கலாமே?"

"பொய் எழுதக் கை வரலைங்க" என்றாள் கஸ்தூரி. "இது காட்டினதைத்தான் எழுதினேன். நான் பொய் சொல்லலைன்னு தினமும் எனக்கே சொல்லிக்கிட்டேன். பரசுராமண்ணனுக்கு 118னு சொன்னப்ப, கம்பெனிக்காரன் கோட்டுக்கே கீழே வந்துட்டேன் பாருன்னு சிரிச்சார். 128னு தெரிஞ்சிருந்தா மாத்திரையைக் குறைச்சிருக்க மாட்டாங்க. அவர் சிரிச்சதுதான் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு."

டாக்டர் எழுந்து போய்ச் சுவரிலிருந்த அட்டையைக் கழற்றினார். கழற்றியதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் பதினோரு பேருக்கு மாத்திரையைப் பாதியாக்கியிருக்கு மேடம்" என்றாள் கஸ்தூரி. "அவங்க கிட்ட என் வாயால சொல்லிட்டு வந்துடறேன். அப்புறம் எங்க வேணாலும் கூட்டிட்டுப் போங்க."

செப்டம்பர் 12, காலை 7.00.

டாக்டர் தன் வீட்டிலிருந்த வேறொரு கருவியைக் கொடுத்தனுப்பினார். பதினோரு பேர் பட்டியலில் முதல் பெயர் காசியம்மாள். இட்லித் தட்டு ஆவி பறக்க இறங்கிக்கொண்டிருந்தது.

"உங்களுக்குப் பிரஷர் நாங்க சொன்னதை விட ஜாஸ்திம்மா. முழு மாத்திரை போட்டுக்கணும்" என்றாள் கஸ்தூரி.

"போன மாசம் நார்மல்னே. இப்ப ஜாஸ்தின்றே. மறுபடியும் மாத்திட்டாங்களா? இந்தத் தடவை எந்தக் கம்பெனி?"

"கம்பெனி இல்லைம்மா. நான்."

பாதரசம், மோதிரம், பரசுராமன் என்று எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு கருவியைத் திறந்து காசியம்மாள் பக்கம் திருப்பி வைத்தாள். "முதல்ல இங்க பாருங்க. பூஜ்யத்துல நிக்குது."

காசியம்மாள் குனிந்து பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். அளக்கக் கையை நீட்டவில்லை.

"எனக்கு இது எதுல நிக்கணும்னு என்ன தெரியும்? நீயா சொன்னாத்தானே தெரியும்" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கல் விழுந்த மருந்துக்கடைக் கண்ணாடி எதிரே தெரிந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் சொன்னாள். "தசரதனைக் கூட்டியாங்க. அவர் பார்த்துச் சொல்லட்டும்."

ஆதிலட்சுமி தானே கிளம்பினாள். சீல் வைத்த கதவருகில் அவர் செருப்பு முந்தாநாள் விட்டபடியே கிடந்தது. எடுத்துக்கொண்டாள். நேற்றிரவு ஸ்டேஷனிலிருந்து அவர் போன வீடு இரண்டு தெரு தள்ளி. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று வழியெல்லாம் யோசித்தாள். அவர் வாசலுக்கு வந்த பிறகும் தெரியவில்லை. செருப்பை அவர் காலடியில் வைத்தாள்.