இடுக்கில் வைத்த கை

அந்தக் கடையில் ஒரு புத்தகம்கூடச் சாய்ந்து நிற்கவில்லை. அக்காவுக்கு முதலில் உறுத்தியது அதுதான். பழைய புத்தகக்கடை என்றால் புத்தகங்கள் வயிறு முட்டச் சாப்பிட்டவர்கள் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று சரிந்து கிடக்க வேண்டும், விற்றுப்போன இடங்கள் நடுநடுவே பொக்கையாகத் தெரிய வேண்டும். இங்கே தரையிலிருந்து கூரைவரை ஒரு பல்கூட விழாத வாய். ஊசி நுழைய இடமில்லை. அப்படியானால் இந்தக் கடைக்காரர் இதுவரை எதையாவது விற்றிருக்கிறாரா?

தலை நரைக்கும்வரை நூலகத்தில் புத்தகம் அடுக்கியே காலம் தள்ளியவள் அவள். ஓய்வு கிடைத்ததும் தங்கையை இழுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றக் கிளம்பிவிட்டாள். மற்றவர்கள் அருவி பார்ப்பார்கள், இவள் பழைய புத்தகக்கடை பார்ப்பாள். படகில் மிதந்த கடையில் வாந்தி எடுத்துக்கொண்டே பேரம் பேசியிருக்கிறாள். முடிவெட்டும் கடைக்குள்ளேயே புத்தகமும் விற்ற ஒருவர், கத்தரியை நிறுத்தாமல் நாவல்களைக் கிழி கிழியென்று கிழித்ததைக் கேட்டிருக்கிறாள். கோழிக்கூண்டில் அடுக்கி விற்றவரிடம் வாங்கிய புத்தகத்துக்குள் ஒரு முட்டை இருந்தது என்று சத்தியம் செய்வாள். அதிலிருந்து குஞ்சு எட்டிப் பார்த்தது என்பதையும் இப்போதெல்லாம் சேர்த்துக்கொள்கிறாள்.

இந்தக் கடையைக் காட்டிக்கொடுத்தது மழை. பஸ் மாற இறங்கிய ஊரில் வானம் பிய்த்துக்கொண்டு கொட்ட, ஒதுங்கிய வாசலே கடையாக இருந்தது. மதியம்தான், ஆனால் உள்ளே விளக்கு எரிந்தது. ஒடுங்கிய அறை, அதன் பின்னால் அதைவிட ஒடுங்கிய அறை, அதற்கும் பின்னால் இன்னொன்று. காகித வாசனையே இல்லை. பூட்டிய அறையில் பலபேர் தூங்கி எழுந்தால் மிஞ்சுமே ஒரு கனத்த வாசனை, அது.

"அக்கா, கடைசி பஸ்ஸை விட்டோம்னா ராத்திரி முழுக்க ஸ்டாண்டுலதான். என் முட்டி தாங்காது, சொல்லிட்டேன்."

"உன் முட்டி பாட்டைக் கொஞ்சம் நிறுத்துடி. அஞ்சே நிமிஷம்."

"உன் அஞ்சு நிமிஷத்துல எனக்குக் கல்யாணமாகி, பேரன் பேத்தியே வந்துட்டாங்க."

கல்லாவில் இருந்த கடைக்காரர் சிரித்தார். மெலிந்த, சுத்தமான மனிதர். நகங்களைக்கூட அளவாக வெட்டியிருந்தார். "நல்லா பாருங்கம்மா. ஒண்ணே ஒண்ணுதான். எடுத்த இடத்தைக் காலியா விட்டுடாதீங்க. மூடிக்கும்."

அக்காவுக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நூலகத்தில் இதைச் சொல்லிச் சொல்லியே அவள் தொண்டைத் தண்ணீர் வற்றியிருக்கிறது. ஒரு புத்தகத்தை உருவினால் அந்த இடத்தில் மரக்கட்டை ஒன்றைச் செருக வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துப் புத்தகங்கள் சரிந்து இடத்தை விழுங்கிவிடும்.

"கட்டை எங்க வெச்சிருக்கீங்க?"

"கட்டையெல்லாம் இல்லம்மா. கூட வந்தவங்க கை வெச்சுப்பாங்க."

மூன்றாவது அறையில், கண் மட்டத்தில், அது இருந்தது. புத்தகத்தின் மஞ்சள் முதுகு, அதில் கடலோடிக் கரடியின் படம். சின்ன வயதில் இருவரும் சண்டைபோட்டுக்கொண்டு படித்த புத்தகம். அதன் கடைசித் தாளைத் தங்கை கிழித்து வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டாள். புயலில் சிக்கிய கரடி என்ன ஆனது என்று அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. ஊர் ஊராக அலைந்ததே இதற்காகத்தான் என்றால் தங்கை நம்பமாட்டாள். நம்பினால் அடிப்பாள்.

"அடிப்பாவி, நீ தின்ன புத்தகம்டி!"

"ஐயோ, இதுவா? உப்பே இல்லாம இருந்துச்சு."

புத்தகத்தை மேல்நுனியில் பிடித்து இழுத்தால் முதுகு கிழியும். இரண்டு பக்கத்துப் புத்தகங்களையும் உள்ளே அழுத்தி, நடுவிலிருப்பதன் இடுப்பைப் பிடித்து உருவ வேண்டும். உருவினாள். புத்தகம் வெதுவெதுப்பாக இருந்தது. வெளியே வந்தபோது, உறிஞ்சிய வாயை எடுத்தாற்போல் ஒரு சத்தம்.

"கையை இதுல வை. நான் வாசல் வெளிச்சத்துல பார்த்துட்டு வந்துடறேன். எடுத்துடாதே, என்ன?"

"உத்தரவு, மகாராணி." தங்கை உள்ளங்கையைச் செங்குத்தாக இடுக்கில் செருகினாள். "உள்ள சூடா இருக்குக்கா. முட்டிக்கு இதமா இருக்கும் போல."

அக்கா முன்னறை ஜன்னலுக்கு வந்தாள். மழை கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. முதலிலிருந்தே புரட்டினாள், படங்களை விட மனமில்லை. கரடி படகு கட்டியது, கரடி பாய் விரித்தது.

"அக்கா, வாயேன். கை மரத்துப்போச்சு."

"இருடி."

புயல் வந்தது. கருநீல அலை ஒன்று பக்கத்தின் உயரத்துக்கு எழுந்து நின்றது. இதற்கு அப்பால் அவள் போனதே இல்லை.

"அக்கா, இது என்னமோ இறுக்குது. விளையாட்டு இல்ல."

"வந்துட்டேன், வந்துட்டேன்."

வரவில்லை. ஒரே ஒரு பக்கம்தானே? தங்கை முட்டி வலிக்கே ஊரைக் கூட்டுபவள். திருப்பினாள். கடைசித் தாள் இருந்தது. முழுசாக, ஒரு மடிப்புகூட இல்லாமல். பின்னாலிருந்து "அக்கா" என்று மறுபடி கேட்டது, யாரோ தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக் கூப்பிடுவதுபோல. பிறகு மரம் முறிவதுபோல் ஏதோ ஒன்று மெல்ல முறிந்தது. அக்கா காதில் எல்லாம் விழுந்தது. கண் மட்டும் வரியை விட்டு நகரவில்லை. கரடி வீடு வந்து சேர்ந்தது. கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியது. அவ்வளவுதான்.

இவ்வளவுதானா?

அப்போதுதான் அமைதி உறைத்தது. மழைச் சத்தம்கூட உள்ளே வரவில்லை.

"ஏய்?"

புத்தகத்தை மூடிக்கொண்டு உள்ளே நடந்தாள்.

"ஒளிஞ்சு விளையாடற வயசாடி இது?"

இரண்டாவது அறை. யாருமில்லை. மூன்றாவது அறை. யாருமில்லை. தங்கையின் செருப்பு இரண்டும் அலமாரிக்கு முன்னால். காலணி கழற்றிவிட்டு நின்றதுபோல ஜோடியாக. முனைகள் அலமாரியைப் பார்த்து.

கண் மட்டத்தில் இடுக்கு இல்லை. மூடியிருந்தது. கையிலிருந்த புத்தகத்தை அங்கே குத்தினாள். நுழையவில்லை. மறுபடி குத்தினாள். அட்டை மடங்கியது. எந்த இடம்? இங்கேதானே? இங்கே.

இரண்டு முதுகுகளுக்கு நடுவே நான்கு விரல் நுனிகள் துருத்திக்கொண்டிருந்தன.

அசைந்தன.

பிடித்துக்கொண்டாள். தங்கையின் விரல்கள்தான். மருதாணிக்குக்கூட நீட்டாத, நகம் கடிக்கும் விரல்கள். அவை இவள் விரலை இறுக்கின. இழுத்தாள். காலை அலமாரியில் உதைத்துக்கொண்டு இழுத்தாள். அலமாரி இழுத்தது. உள்ளேயிருந்து, வெகு உள்ளேயிருந்து, ஒரு குரல். வார்த்தை இல்லை. குரல் மட்டும்.

"விடுங்கம்மா. வரிசை கெடுது."

கடைக்காரர் பக்கத்தில் நின்றார். கோபமே இல்லை. குழந்தை கையிலிருந்து பொம்மையை வாங்குவதுபோல, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். அத்தனை மெலிந்த மனிதருக்கு எங்கிருந்து அத்தனை பலம்? அவள் கத்தினாள். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. புத்தகங்கள் குடித்துவிட்டன.

"உங்களுக்குத் தெரியாததா? நீங்களும் அடுக்கினவங்கதானே."

அவர் உள்ளங்கையை விரித்தார். துருத்திய விரல் நுனிகளைப் பக்குவமாகத் தட்டினார். ஒரு பக்கம். மறுபக்கம். மீண்டும் ஒரு தட்டு. மற்ற முதுகுகளோடு ஒரே நேராக வரும்வரை.

நகங்கள் வரிசையில் நின்றன. ஒரு நகம் மட்டும் உள்ளேயிருந்து அட்டையைச் சுரண்டிக்கொண்டே இருந்தது.

அந்த வரிசை முழுதும், இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை, மெல்ல அசைந்தது. பெஞ்சில் இருப்பவர்கள் புதிதாக வந்தவருக்காக நகர்ந்து உட்காருவார்களே, அப்படி. நகர்ந்தது. நின்றது.

நகங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு கை அளவுக்கு இடம் விட்டிருந்தது.