ஓட்டை இருந்தால் எதுவும் போகும்

“நேத்து இந்தத் துப்பாக்கி என் கைக்குள்ளயே வெடிச்சுது மச்சான். ஒரு நகம்கூடப் பெயரலை.”

தங்கையின் கணவர் கதை அளந்தால் படி பத்தாது, கிடங்குதான் வேண்டும். ஒரே தோட்டாவில் ஒன்பது காட்டுப்பன்றி விழுந்ததும், பத்தாவது வெட்கத்தில் செத்ததும் இதே வாய் சொன்னதுதான். ஆனால் முப்பது வருடமாகத் துப்பாக்கி பழுதுபார்க்கும் பட்டறைக்காரருக்கு இன்று சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து தங்கை போனை எடுக்கவில்லை. பேசும்போது இரண்டு கையாலும் காற்றைப் பிசைகிற மாப்பிள்ளை, வந்ததிலிருந்து இடது கையைக் கால்சட்டைப் பையை விட்டு எடுக்கவில்லை.

இருவருக்கும் ஆறு வருடப் பகை. பெரிய துப்பாக்கியில் சின்னத் தோட்டாவைப் போடாதீர்கள், அது வழுக்கிக்கொண்டு குழலுக்குள் போய் அடைத்துக்கொள்ளும், அது தெரியாமல் பின்னாலேயே பெரியதைப் போட்டுச் சுட்டால் குழல் பிளந்து, தாங்கிப் பிடித்த கையைக் கொண்டுபோகும் என்று இவர் தொண்டை கிழியச் சொல்வார். ஓட்டை என்று இருந்தால் எதுவும் போகும், உங்களுக்குத்தான் தொடை நடுக்கம் என்று அவர் நக்கலடிப்பார்.

தங்கை எங்கே என்று பட்டறைக்காரர் கேட்டார். வண்டியில் உட்கார்ந்திருக்கிறாளாம். முதலில் துப்பாக்கியைப் பார்க்க வேண்டுமாம்.

தகரக் கூரையில் மதிய மழை ஆயிரம் ஆணிகளைக் கொட்டிக்கொண்டிருக்க, எண்ணெயும் இரும்புத்தூளும் கரிந்த வெடிமருந்தும் கலந்த பட்டறையின் பழகிய வாசத்துக்கு அடியில், ஈரத் துணியை மூடி வைத்ததுபோல் இன்னொரு நாற்றம் மெல்ல எழ, அவர் துப்பாக்கியைப் பிடிப்பானில் இறுக்கி விளக்கை இழுத்துப் பிடித்தார். இடது கை தாங்கும் இடத்தில் குழல் வாழைப்பழத் தோலாக உரிந்திருந்தது. இடுக்கியை விட்டார். மஞ்சள் நிறச் சின்னத் தோட்டாவின் பித்தளை அடி வந்தது. ஆறு வருடமாக இவர் சொன்னது சொன்னபடி. அதற்கும் பின்னால் ஏதோ மெத்தென்று தடுத்தது.

இழுத்தார்.

ஒரு விரல். தடித்தது. சிகரெட் கறை படிந்தது. மாப்பிள்ளையின் நீலக்கல் மோதிரத்தோடு.

இன்னொன்று.

இடுக்கி நழுவி விழுந்தது. மழைச் சத்தத்தில் அது கேட்கவே இல்லை.

மாப்பிள்ளை சிரித்தபடி கையை வெளியே எடுத்து விளக்கடியில் விரித்தார். ஐந்து விரல். தையல் இல்லை. தழும்பு இல்லை. மூன்று தடி விரல். இரண்டு மெல்லியது. நகத்தில் சிவப்புச் சாயம். ஒன்றின் கணுவில் பிறைபோல ஒரு வடு. எட்டு வயதில் இவர் கதவை அறைந்து சாத்தியபோது தங்கைக்கு விழுந்த வடு.

விரல்கள் அசைந்தன.

“பெருசுல சின்னதைப் போடாதீங்கன்னீங்களே மச்சான்.”

வெளியே வண்டியின் ஹாரன் அலறியது. நின்றது. மறுபடியும் அலறியது.

“அவளை உள்ள வரச் சொல்லுங்க,” என்றார் பட்டறைக்காரர்.

“வரணும்னுதான் பாக்குறா. கதவைத் திறக்க முடியல.” மாப்பிள்ளை உச்சுக்கொட்டினார். “எது சரியா உக்காருதுன்னு தெரியணும்ல? அவளோட பத்தையும் போட்டுப் பாத்தேன்.”

ஹாரன். விரலால் அழுத்துகிற சத்தம் அல்ல அது. நெற்றியால் முட்டுகிற சத்தம்.

“ஆறு வருஷமா என்னைப் பொய்யன்னீங்க. இப்பச் சொல்லுங்க. நடந்துச்சா, இல்லையா?”

அந்தக் கை மேசையைத் தாண்டி வந்து அவர் கையைப் பற்றியது. மூன்று விரல் எலும்பு நொறுங்கப் பிடித்தது. மெல்லிய இரண்டும் மட்டும் தனியே ஊர்ந்து, சின்ன வயதில் சாலையைக் கடக்கும்போது பிடிப்பதுபோல், அவர் கட்டைவிரலைச் சுற்றிக்கொண்டன. நடுங்கின.

“நடந்துச்சு மாப்பிள்ளை,” என்றார் அவர். “ஒத்துக்கறேன். நடந்துச்சு.”